நாய்களின் தோற்புண்கள்

நாயின் மேல்தோல் முழுதும் அழிந்து, அதற்கு அடியிலுள்ள சவ்வும் சிதைந்து, உள்தோல் வெளியே தெரியும் நிலை புண் எனப்படும். மேல்தோல் மட்டும் உரிந்திருந்தால் தழும்பின்றி ஆறிவிடும். புண் ஆறும்போது பெரும்பாலும் தழும்பு தங்கும். அந்த இடத்தில் முடி முளைக்காமலும் போகலாம். முடி மூடிய பகுதிகளில் நாயின் மேல்தோலுக்கு 3 முதல் 5 செல் அடுக்குகளே உண்டு. மனிதருக்கு அது 10க்கும் மேல். அதனால்தான் ஓயாமல் நக்குவதும் சொறிவதுமே நாயின் தோலைப் புண்ணாக்கிவிடுகின்றன.

பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் புண்களுக்குப் பின்னால் பாக்டீரியா, பூஞ்சை, ஒட்டுண்ணி, நோயெதிர்ப்பாற்றலின் கோளாறு, மருந்து ஒவ்வாமை, கல்லீரல் நோய், புற்றுநோய் என எதுவும் இருக்கலாம். புண் உடலில் எங்கே வந்தது, எவ்வளவு வேகமாக வந்தது என்பவையே முதல் தடயங்கள்.

சில மணி நேரத்தில் தோன்றி, ஈரமாகப் பளபளத்து, தொட்டாலே நாய் சீறும் அளவுக்கு வலிப்பது ‘ஹாட் ஸ்பாட்’. அடர்ந்த முடியுள்ள கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார் போன்றவற்றில் மழைக்காலத்திலும் புழுக்கமான நாள்களிலும் அதிகம். காதுக்குக் கீழே இருந்தால் காதுக்குள் சீழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாலடியில் இருந்தால் தெள்ளுப்பூச்சியைத் தேட வேண்டும். சுற்றியுள்ள முடியை மழித்தபின் புண் நினைத்ததைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம். முன்னங்கால் மணிக்கட்டருகே மாதக்கணக்கில் நக்கி நக்கித் தடித்துப் போன புண் வேறு வகை. அதில் ஆழத்தில் கிருமித்தொற்று, மூட்டுவலி, தனிமை ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கலாம். மேலே களிம்பு பூசி அதைத் தீர்க்க முடியாது.

ஜெர்மன் ஷெப்பர்டின் தொடையிலும் விலாவிலும் சீழ் கசியும் துளைப்புண்கள் வந்தால் ஆழ்ந்த பாக்டீரியாத் தொற்றை ஐயுற வேண்டும். நாய்த்தோலில் இயல்பாகவே வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ்தான் பெரும்பாலும் காரணம். மருந்துக்கு அடங்காத வகைகள் இதில் பெருகியிருப்பதால், சீழை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிய பிறகே ஆன்டிபயாட்டிக்கைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மூக்கு நுனியைக் கூர்ந்து பார்ப்பது பயன் தரும். நலமான நாயின் மூக்குத்தோல் சிறு கூழாங்கற்களைப் பதித்ததுபோல் கரடாக இருக்கும். தோலோடு நிற்கும் லூபஸ் என்னும் நோயெதிர்ப்புக் கோளாறில் அந்தக் கரடு முதலில் மறைந்து வழவழப்பாகும்; கறுப்பு வெளிறிச் சாம்பலாகும்; பிறகே பொருக்கும் புண்ணும் வரும். வெயில் இதை மோசமாக்கும். ஷெட்லண்ட் ஷீப்டாக், கோலி இனங்களில் நடுவயதில், பெரும்பாலும் கோடையில், கவட்டிலும் அக்குளிலும் வளைந்து நெளிந்த விளிம்புடைய புண்கள் தோன்றுவதுண்டு. நெடுங்காலம் தனி நோயாகக் கருதப்பட்ட இதை லூபஸின் கொப்புள வடிவமாகக் கொள்ளலாம் என்று 2001இல் வெளியான ஆய்வு முன்வைத்தது. இவ்வின நாய்கள் பலவற்றில் உள்ள ஒரு மரபணுக் குறைபாட்டால், ஒட்டுண்ணி மருந்தான ஐவர்மெக்டின் அதிக அளவில் கொடுக்கப்பட்டால் மூளைவரை சென்று நஞ்சாகும். சொறிக்கென்று அதைக் கடையில் வாங்கி ஊசி போடுவது உயிருக்கே ஆபத்து.

வயதான நாயின் பாதத்தின் அடித்தோல் தடித்து வெடித்து, உதட்டோரமும் புண்ணானால் கல்லீரலைச் சோதிக்க வேண்டும். ரத்தத்தில் அமினோ அமிலங்கள் வெகுவாகக் குறைந்து, தோல் செல்கள் மடிவதால் வரும் நிலை இது.

வெப்ப நாடுகளில், தமிழ்நாட்டிலும், எந்தப் புண்ணும் புழு வைத்த புண்ணாக மாறிவிடலாம். ஈ முட்டையிட்டு ஒரு நாளுக்குள் புழு வெளிவந்து சதையைத் தின்னத் தொடங்கும். நாயின் நாக்கு எட்டாத தலை, காது, கழுத்துப் புண்களில் இது அதிகம். வெளியே சிறு துளையும் அழுகல் நாற்றமுமே தெரியும். உள்ளே பை போல அரித்திருக்கும். கண்ட புழுக்களை மட்டும் எடுத்தால் போதாது. இறந்த திசுவை நீக்கி, சில நாள் தொடர்ந்து கட்டு மாற்ற வேண்டும்.

மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஆயில் பூசும் வழக்கம் கொடியது. தோலை எரிப்பதோடு, நாய் அதை நக்கி விழுங்கவும் செய்யும். மனிதர்களுக்கான ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் சிவப்பைச் சில நாள் அடக்கும். ஆனால் தொற்றைப் பரவவிடும், பரிசோதனையில் நோயின் அடையாளத்தையும் மறைக்கும். மருத்துவரிடம் போகும்வரை உப்புநீரால் கழுவி, நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுவது போதும். பூஞ்சைப் புண்ணான ஸ்போரோடிரைகோசிஸ் மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை தேவை.

மருத்துவர் முதலில் கண்ணாடித் தகட்டைப் புண்ணில் ஒற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார். திசுச் சோதனைக்குப் புண்ணின் நடுப்பகுதி உதவாது. அங்கே மேல்தோலே இல்லை. நல்ல தோலும் புண்ணும் சந்திக்கும் விளிம்பிலிருந்தோ, உடையாத புதுக் கொப்புளத்திலிருந்தோ துண்டு எடுக்க வேண்டும். அதற்கு முன் அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவினால் பொருக்கோடு தடயமும் போய்விடும்.

ஆறாத புண் கட்டியாகவும் இருக்கலாம். வெள்ளை நாய்களின் முடி குறைந்த வயிற்றில் வெயிலால் வரும் செதிள்செல் புற்றும், மாஸ்ட் செல் கட்டியும் புண்ணாக உடையும். தெருநாய்களின் பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் சதைக்கட்டி, இணைசேரும்போது தொற்றும் புற்று. கொடிய தோற்றம் கொண்டிருந்தாலும், வாரம் ஒருமுறை செலுத்தும் வின்கிரிஸ்டின் ஊசியால் பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் முழுக் குணமடைகின்றன.