சி.என்.சி. மில்லிங் பொறியின் மின் தேவை

சி.என்.சி. மில்லிங் பொறியின் மின் தேவை என்பது, கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் மில்லிங் பொறிக்கு வழங்க வேண்டிய மின்னழுத்தம், மின்னோட்டம், மின்திறன் ஆகியவற்றைக் குறிக்கும். வெட்டுக்கருவியைச் சுழற்றும் தண்டின் (ஸ்பிண்டில்) மோட்டாரே பெரும்பாலும் மிகுதியான திறனை எடுத்துக்கொள்கிறது. அச்சுகளை நகர்த்தும் செர்வோ மோட்டார்கள், குளிர்நீர்ம பம்பு, கட்டுப்பாட்டுக் கணினி ஆகியன பிற சுமைகளாகும்.

கணக்கீடு

மும்முனை இணைப்பில், தோற்றத் திறனை மின்னழுத்தத்தாலும் 1.732 ஆலும் (மூன்றின் வர்க்கமூலம்) வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 15 கிலோவோல்ட்-ஆம்பியர் தேவைப்படும் பொறி, 415 வோல்ட் மும்முனை இணைப்பில் ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 21 ஆம்பியர் எடுக்கும். அதே திறனை 230 வோல்ட் ஒருமுனை இணைப்பில் பெற 65 ஆம்பியர் வேண்டும். கம்பியும் தடிமனாக இருக்க வேண்டும். எனவே பெரிய பொறிகள் பொதுவாக மும்முனை மின்சாரத்திலும், சிறிய மேசைப் பொறிகள் ஒருமுனை மின்சாரத்திலும் இயங்குகின்றன.

மின்னழுத்த வரம்பு

ஐ.இ.சி. 60204-1 தரத்தின்படி, வழங்கப்படும் மின்னழுத்தம் குறித்த அளவின் 90 முதல் 110 விழுக்காட்டுக்குள் இருத்தல் வேண்டும். மிகவும் தாழ்ந்தால் மோட்டார் இயக்கிகள் பிழை காட்டி நின்றுவிடும். அவ்வேளையில் வெட்டுக்கருவி உடையவும் பணிப்பொருள் வீணாகவும் கூடும்.

பாதுகாப்பு

இயக்கிகள் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக்கி மின்தேக்கிகளில் சேமிக்கின்றன. 415 வோல்ட்டில் நேரடியாக இணைத்த இயக்கியில் இது ஏறத்தாழ 587 வோல்ட் வரை இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் சில நிமிடங்கள் இம்மின்னூட்டம் நீடிக்கலாம். ஆகவே கையேட்டில் கூறப்பட்ட நேரம் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்பதை அளந்து உறுதிசெய்த பின்னரே உட்பகுதிகளைத் தொட வேண்டும்.