மாவீரர் நாள் (மல்லாவி வட்டாரம்)

தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தில் உயிரிழந்தோருக்காக ஆண்டுதோறும் கார்த்திகை (நவம்பர்) 27இல் நிகழும் நினைவுகூரல். 1982 நவம்பர் 27இல் காயத்தால் இறந்த இயக்கத்தின் முதற் போராளி லெப். சங்கரின் நினைவாக இந்நாள் தெரிவானது; இயக்கத் தலைவரின் பிறந்தநாள் அதற்கு முந்திய நாளில் வருவது தற்செயலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முதல் நிகழ்வு 1989இல் மணலாற்றுக் காட்டில் போராளிகளுக்குள் நடந்தது. உடல்களைத் தகனம் செய்யாமல் புதைக்கும் வழக்கம் 1991இல் கோப்பாயில் தொடங்கியது; இயக்கத்தின் சொல்லில் அது விதைத்தல், உடல் வித்துடல்.

1996இல் கிளிநொச்சி இலங்கை இராணுவத்திடம் வீழ்ந்தபின் இடம்பெயர்ந்தோர் மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் நிறைந்தனர். அக்காலம் முதல் 2008 வரையான வழக்கங்களே விரிவாகத் தெரியவருகின்றன. சடங்கு முன்பு நள்ளிரவில் நடந்தது. பின்னர் மாலைக்கு மாறியது. சங்கர் உயிர்விட்ட நேரம் என்பதால் 6.05 எனக் குறித்ததாகச் சொல்வர். 6.05க்கு மணியொலி, 6.06க்கு அகவணக்கம், 6.07க்கு ஈகைச்சுடர். வித்துடல் கிடைத்தவருக்குக் கல்லறை, கிடைக்காதவருக்கு நடுகல். எதுவாயினும் அதன் முன் விளக்கேற்றுபவர் பெற்றோர், துணை, பிள்ளை அல்லது சகோதரர். கார்த்திகை மழையில் திரி அணையாமல் கையால் மறைத்துக்கொள்வதும் இச்சடங்கின் பகுதி என்றே கொள்ளலாம். மாவீரர் பெற்றோரை அழைத்து மதிப்பளித்துத் தென்னங்கன்று கொடுப்பர். கன்று காய்க்கும் மரமாகி வளவில் நிற்கும்.

வழக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவதில் பள்ளிக்கூடங்களுக்கும் பங்கிருந்தது. இதைத் தியாக மரபு என்போரும், சிறுவர்களைப் படையில் சேர்த்த ஓர் இயக்கத்தின் ஆட்சேர்ப்புக்குத் துணைநின்றது என்போரும் உளர். பிற இயக்கங்களில் இறந்தோருக்கு இந்நாளில் இடமிருக்கவில்லை. அவற்றுள் ஒன்றான புளொட் வவுனியாவில் ஜூலையில் தன் வீரமக்கள் தினத்தை நடத்துகிறது.

2008 செப்டெம்பரில் மல்லாவி இராணுவத்தின் வசமானது. போர் முடிவையொட்டி வடக்கு, கிழக்கில் கல்லறைகளும் நடுகற்களும் இருந்த துயிலும் இல்லங்கள் இடித்து அழிக்கப்பட்டன. 2016இல் கிளிநொச்சி கனகபுரத்தில் மக்கள் துயிலும் இல்ல வளவைத் துப்புரவாக்கிப் பகிரங்கமாக விளக்கேற்றினர். மல்லாவிக்கு அருகில் வன்னிவிளாங்குளத்திலும் நிகழ்வு மீண்டது. 2020இல் நீதிமன்றத் தடைகள் வந்தபோது பலர் வீட்டு முற்றத்தில் விளக்கு வைத்தனர். போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்தவர்களும் இப்போது சுடரேற்றுகிறார்கள். அவர்கள் தாங்கள் காணாத பெரியப்பாவுக்கோ சித்திக்கோ அதைச் செய்கிறார்கள்.

உறவினரை நினைவுகூரலாம், புலிகளின் சின்னங்களுக்கு இடமில்லை என்பது 2024இல் அரசு அறிவித்த நிலைப்பாடு.