சீட்டும் சரிவும்: குரங்கணித் தீயிலிருந்து மலைச் சுற்றுலாக் கொள்கைக்கு

2018 மார்ச் 11 தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர்களில் 23 பேர் இறந்தனர். அதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஓர் அனுமதிச் சீட்டின் மேல் நிற்கிறது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை செல்லவே சீட்டு வாங்கப்பட்டது, அவர்கள் போனது கொழுக்குமலைக்கு என்று வனத்துறைத் தரப்பு அப்போதே கூறியது. இதிலிருந்து ஒரு சாரார் இரண்டு முடிவுகளை எடுத்தனர்: அத்துமீறிய நடையே விபத்தின் வேர், ஆகவே நடைவழிகளை அடைப்பதே மலைக்குச் செய்யும் நன்மை. முதலாவதை ஓரளவு ஏற்கலாம். இரண்டாவது அந்தச் சீட்டிலிருந்து பிறக்கவில்லை.

சீட்டைத் தனியே எடுத்துப் பார்ப்போம். அது மார்ச் மாதத்தில் கொடுக்கப்பட்டது. புல் காய்ந்து நிற்கும் மாதம். அதே மலைத்தொடரில், அதே பருவத்தில், டாப் ஸ்டேஷன் வரை நடக்கலாம் என்று ஒப்புக்கொண்ட சீட்டு அது. அதில் எழுதியிருந்த ஊருக்கே போயிருந்தால் ஆபத்து இருந்திராது என்று வாதிடுவோர், தீ ஊரின் பெயர் பார்த்துப் பரவுவதாக நினைக்கிறார்கள் போலும். காய்ந்த புல்லும் செங்குத்தான சரிவும் சேர்ந்தால், கீழே எரியும் சுவாலை மேலிருக்கும் புல்லைச் சூடாக்கிக்கொண்டே போகும். தீ மனிதன் ஓடும் வேகத்தை மிஞ்சி ஏறும். இங்கே ஆபத்தைத் தீர்மானித்தவை பருவமும் சரிவும். சீட்டு கவனித்ததோ சேருமிடத்தை மட்டும்.

அந்தச் சேருமிடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டி ஏறும் வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து மட்டுமே. விடியலில் மேகக்கடலைப் பார்க்க ஜீப்பில் குலுங்கிக்கொண்டு ஏறுபவர் குரங்கணியைக் கண்ணாலும் பார்ப்பதில்லை. உச்சி ஒன்று, வாசல் இரண்டு. கால்நடையாக வரும் வாசலில் சீட்டு. சக்கரத்தில் வரும் வாசல் தமிழ்நாட்டின் கணக்கிலேயே வராது. தீக்குப் பின் மலையேற்றம் தடைசெய்யப்பட்டபோது கொழுக்குமலைக்குப் போகும் ஆசை குறையவில்லை. மதுரையிலிருந்து வருபவர் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, பூப்பாறை, சின்னக்கானல் சுற்றி, ஜீப் மாறி அதே உச்சியை அடைகிறார். இந்த இடப்பெயர்ச்சியை எண்ணால் நிறுவ இங்கே முயலவில்லை. எரிபொருள் செலவு எந்த வாசலில் கூடுகிறது என்று அறிய வழியமைப்பே போதும்.

நடைவழியை நகரத்துப் பொழுதுபோக்கு என்று தள்ளுவதும் வரலாற்றைப் பாராத பேச்சு. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கிய காலத்து உழைப்பு வழிகள் இவை. இடைநிலையமாக இருந்த இடம் இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரில் குடியிருப்பாக நிற்கிறது. போடி மலைக்கிராமங்களுக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் ஏறிய செய்தியும் நாளிதழ் வாசகர்களுக்குப் புதிதல்ல.

பக்கத்து மலையில் கணக்கு வேறு விதமாகப் போடப்படுகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது; 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வாகனங்களுக்கு வரம்பும் வந்தது. பொதுப் போக்குவரத்துக்கு விலக்கு. அங்கே எண்ணப்படுவது சக்கரம். தேனியில் எண்ணப்படுவது கால். இவற்றில் பின்னதைக் காலநிலைக்கு உகந்தது என்று அழைக்க எனக்குத் துணிவில்லை.

2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 தடங்களில் குரங்கணி–சாம்பலாறும் ஒன்று. உள்ளூர் வழிகாட்டிகள் உடன் செல்கிறார்கள். தீப்பருவத்தில் தடங்கள் மூடப்படுகின்றன. பருவத்தை வைத்து அனுமதிப்பது என்ற கொள்கை இங்கே சத்தமின்றி நுழைந்துவிட்டது. 2010 இறுதியில் நின்ற போடி ரயிலும் 2023 ஜூன் 15-இல் திரும்பிவிட்டது. ரயிலில் போடி, பேருந்தில் குரங்கணி, அதற்கு மேல் நடை: இதைவிடக் குறைந்த புகையில் இந்த மலைக்கு ஏற வழி இருப்பதாகத் தெரியவில்லை.

நடப்பவர்களால் விலங்குகளுக்கு இடையூறு என்பார்கள். ஜீப்புகளைப் பற்றியும் அதே கவலை காட்டப்படும்வரை இது காத்திருக்கலாம். இரு மாநில எல்லை என்ற மறுப்பு கொஞ்சம் கனமானது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கிலேயே அதற்கு விடை உண்டு. சித்ரா பௌர்ணமியில் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் குமுளியிலிருந்து ஜீப்பும் லோயர் கேம்ப் அருகே பளியன்குடியிலிருந்து நடையுமாகக் கூட்டம் ஏறுகிறது. தேனி, இடுக்கி ஆட்சியர்கள் ஆண்டுதோறும் கூடிப் பேசி, இரு வழிகளுக்கும் நேரத்தையும் நெகிழித் தடையையும் ஒன்றாக வகுக்கிறார்கள். ஒரு நாள் விழாவுக்குச் செய்வதைக் கொழுக்குமலைக்கும் செய்வதானால், முதலில் சூரியநெல்லி ஜீப்பும் குரங்கணி நடையும் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும்.