மாட்டு டாக்டரிடம் வரும் பூனை

கால்நடை என்றால் காலால் நடப்பது, அவ்வளவுதான். ‘பஸ் வரலை, கால்நடையாவே வந்துட்டேன்’ என்னும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் புழங்குகிறது. நெல்லை யாராவது சுமக்க வேண்டும். ஆடும் மாடும் தானே நடந்து வரும் சொத்து. மாடு என்ற சொல்லையே செல்வம் என்ற பொருளில் திருக்குறள் ஆள்கிறது. ஆக, கால்நடை மருத்துவர் என்ற பெயருக்குள் இருப்பது சொத்துக் கணக்கு. நாயும் பூனையும் நன்றாகவே நடக்கும். ஆனாலும் அந்தக் கணக்கில் அவை சேர்ந்ததில்லை. இன்று கால்நடை மருத்துவமனைக்குப் போனால் பெர்சியப் பூனையும் கூண்டுக் கிளியும் அதே பலகையின் கீழ் வரிசையில் காத்திருக்கின்றன. மீன் தொட்டியை யாரும் தூக்கி வராதவரை பெயர் தப்பித்தது.

மேற்கில் கதை பொதிமாட்டில் தொடங்குகிறது. லத்தீனில் ‘வெட்டரினாய்’ என்றால் சுமை விலங்குகள். வேர் ‘வெஹெரே’, அதாவது சுமத்தல், என்பார்கள் ஒரு சாரார். ‘வெட்டுஸ்’, முதிர்ந்தது, என்பார்கள் மறுசாரார். வேலைக்குப் பழகும் அளவுக்கு முதிர்ந்த விலங்கு என்று இரண்டாவதை நியாயப்படுத்தலாம். எனக்கு அது சுற்றுவழியாகப் படுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் உழவு பற்றி எழுதிய கொலுமெல்லாவிடம் ‘வெட்டரினாரியுஸ்’ என்ற சொல் இருக்கிறது. பின்னால் வந்த வெகேடியுஸ் தன் நூலின் தலைப்பில் மருத்துவத்தைக் கோவேறு கழுதைக்கு எழுதிவைத்தார். கிரேக்கருக்கோ விலங்கு வைத்தியர் என்றாலே ‘ஹிப்பியாட்ரோஸ்’, குதிரை வைத்தியர். ஆங்கிலத்தில் 1646-இல் தாமஸ் பிரவுன் ‘வெட்டரினேரியன்’ என்று எழுதிய காலத்திலும் ஊரில் வைத்தியம் பார்த்தவர் லாடம் அடிக்கும் ‘ஃபாரியர்’தான், இரும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் பேரப்பிள்ளை அந்தப் பெயர். லியோனில் 1761-இல் கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவ அனுமதி பெற்ற க்ளோத் பூர்ஜெலாகூடக் குதிரையேற்றப் பள்ளி நடத்தியவரே.

நம் பக்கத்தில் பெயர் ஆளைப் பிடித்துக்கொண்டது. குதிரை மருத்துவ நூலின் ஆசிரியராகச் சொல்லப்படும் சாலிஹோத்ரர், வடக்கே ‘சாலோத்ரி’ என்று தேய்ந்து குதிரை வைத்தியர் எல்லோருக்கும் பொதுப்பெயரானார். 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அந்தச் சொல்லுக்கு இடம் உண்டு. மாட்டு வாகடம் என்கிறோமே, அந்த வாகடமும் வாக்படரின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். மனிதருக்கு வைத்தியம் எழுதியவர் மாட்டு ஏட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நாய்க்கு என்று தனி மருத்துவ நூல் ஆங்கிலத்தில் பேர் பெற்றது டெலாபியர் பிளேன் 1817-இல் வெளியிட்டபோதுதான். ‘சிறு விலங்கு’ என்ற அடைமொழியைத் தாங்கிய பிரிட்டிஷ் சங்கம் 1957-இல் வந்தது. இந்தச் ‘சிறு’வைத் தராசில் வைக்கக் கூடாது. 60 கிலோ கிரேட் டேன் சிறு விலங்கு. நேற்றுப் பிறந்த 30 கிலோ கன்று பெரு விலங்கு. சோபாவில் ஏறலாமா கூடாதா என்பதே இங்கே அளவுகோல் போலிருக்கிறது. ஐரோப்பியச் சிறப்பு மருத்துவர்கள் ‘துணை விலங்கு’ என்று மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் ‘சிறு’வை விடவில்லை.

அந்தச் ‘சிறு விலங்கு’டன் ‘உள்’ வந்து ஒட்டி ‘சிறு விலங்கு உள் மருத்துவம்’ ஆனதுதான் சுவையான பகுதி. மனித மருத்துவத்தில் அறுவை ஒரு பக்கம் இருக்க, உடம்புக்குள் நடப்பதை ஆய்வகம் வழியாகத் தேடிய ஜெர்மானியர்கள் தங்கள் துறையை ‘இன்னரே மெடிட்சின்’ என்றார்கள்; 1882-இல் வீஸ்பாடனில் அதற்கென மாநாடே கூட்டினார்கள். அது அமெரிக்கா போய் ‘இன்டர்னல் மெடிசின்’ ஆனது. அந்த மருத்துவர் ‘இன்டர்னிஸ்ட்’. பயிற்சிக்கு வரும் ‘இன்டர்ன்’ என்று நினைத்துவிடுவோர் உண்டு. நம் ஆஸ்பத்திரிகளில் ஏறக்குறைய அதே துறைக்குப் பலகை ‘பொது மருத்துவம்’. அங்கே உள், இங்கே பொது!

‘இன்டர்னல் மெடிசின்’ என்ற இந்த இரவல் சொல்லை 1970-களில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் மறு இரவல் வாங்கித் தங்கள் சிறப்புத் துறைக்கு வைத்தார்கள். பட்டத்துக்குப் பின் வழக்கமாக ஒரு வருட இன்டர்ன்ஷிப், மூன்று வருட ரெசிடென்சி, பிறகு தேர்வு. இந்தச் சிறப்பு மருத்துவர் செய்கிற வேலைக்கு ‘உள்’ பொருந்தத்தான் செய்கிறது. ‘தண்ணி நிறையக் குடிக்குது டாக்டர், வீட்டுக்குள்ளயே போயிடுது’ என்று நாயைக் கொண்டுவருகிறார்கள். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் மிகை. சர்க்கரையா, சிறுநீரகமா, அட்ரினல் சுரப்பி மிகையாக வேலை செய்யும் குஷிங் நோயா, பெண் நாய் என்றால் கருப்பையில் சீழா? ரத்தம், சிறுநீர், ஸ்கேன், ஹார்மோன் சோதனை என்று ஒவ்வொன்றாகக் கழித்து வர வேண்டும். சீழ் என்றால் பெரும்பாலும் கத்திக்காரரிடம் போய்விடும். மற்றவை இவருடையவை, சர்க்கரை நாய்க்குக் காலை மாலை இன்சுலின் ஊசி, பெரும்பாலும் ஆயுள் முழுக்க. குஷிங்குக்கு நேர் எதிரான அடிசன் நோயோ சாதாரண வாந்தி, பேதி என்று வேஷம் போட்டு வந்து, உப்புச் சமநிலை குலைந்து நாய் சரிந்த பிறகே முகத்தைக் காட்டுவதும் உண்டு.

சென்னை வழக்கில் இந்த ‘உள்’ளுக்கு ஒரு சொல் இன்னும் பிறக்கவில்லை. உண்ணிக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறைந்துபோன நாயைப் பார்த்துவிட்டுத் தெருமுனை கிளினிக் டாக்டர் ‘வேப்பேரிக்குக் கொண்டுபோயிடுங்க’ என்பார். 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பிறகு அங்கே இடம் மாறிய கால்நடை மருத்துவக் கல்லூரியைத்தான் சொல்கிறார். உள் மருத்துவரா, அறுவை மருத்துவரா என்ற பாகுபாடெல்லாம் உள்ளே சீட்டு வாங்கிய பிறகு. ஆட்டோக்காரரிடம் நாயைக் காட்டி ‘வேப்பேரி’ என்றால் போதும், வாசலில் இறக்கிவிடுவார்.