கம்பளிக் கொழுப்பும் அதன் பெயர்களும்

கையால் நூற்பதற்காக ஆட்டு மயிரைக் கழுவிப் பதப்படுத்திய தொழிலின் வரலாறு சில சொற்களில் தங்கியுள்ளது. கத்தரித்த மயிரில் வியர்வை உப்பும் கொழுப்பும் படிந்திருக்கும். உப்பு நீரில் கரையும், கொழுப்பு கரையாது. ஆதலின் பண்டை உரோமானியர், பூந்திக்கொட்டையைப்போல் நுரைக்கும் ஒருவகை வேரைக் கையாண்டனர். அச்செடியின் இலத்தீன் பெயர்களுள் ஒன்று 'லானாரியா'. 'லானா' என்பது கம்பளியைக் குறிக்கும். வெந்நீரில் கசக்கினால் மயிர் திரண்டு கெட்டிப்படும். எனவே மெல்ல அலசி உலர்த்தி, சிக்கெடுத்துச் சீவிய பின்னரே நூற்றல் வேண்டும்.

நூற்போர் கழித்த கொழுப்பை மருத்துவர் போற்றினர். கி.பி. முதல் நூற்றாண்டினரான கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸ், வேரால் வெளுக்காத மயிரை வெந்நீரில் பிழிந்து, அந்நீரை நுரைவர அடித்துக் கொழுப்பைத் திரட்டும் முறையை விளக்கியுள்ளார். கிரேக்கர் அதனை 'ஒய்சுபோஸ்' என்றனர். இலத்தீன் அச்சொல்லைக் கடன்கொண்டது. 1882இல் பிரவுன், லீப்ரைக் ஆகிய இருவரும் அக்கொழுப்பைத் தூய்மையாக்கும் முறைக்குச் செர்மனியில் காப்புரிமை பெற்றனர். 'லானா'வுடன் எண்ணெயைக் குறிக்கும் 'ஓலியம்' சேர, அப்பொருளுக்கு 'லானோலின்' என்னும் புதுப்பெயர் அமைந்தது.

செடியின் பெயரிலும் மருந்தின் பெயரிலும் கம்பளியே நிற்கின்றது. மருத்துவ நூல்கள் விரித்துரைக்காத கழுவுவோரின் உழைப்பை இச்சொற்கள் காத்துவந்துள்ளன எனலாம்.