கோபுர வாயிலும் கைப்பந்துத் திடலும்

திருவண்ணாமலைக் கோயிலின் கிழக்கு இராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பெற்றது. நாட்டிய சாத்திரம் கூறும் கரணங்களை ஆடும் பெண்ணுருவங்கள் அதன் வாயிலின் உட்சுவர்களில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பல சிற்பங்களில் முழங்கால் மடிந்து, பாதம் நோக்கும் திசையிலேயே வெளிப்புறமாக விரிந்திருக்கிறது. தரிசன அவசரத்தில் நாம் இவற்றைக் கவனிப்பதில்லை. உடல் எப்படி அசைகிறது என்று உற்றுநோக்கிய அந்தக் கண், பெண்களின் விளையாட்டுத் திடலுக்கு வந்துசேரப் பன்னெடுங்காலம் ஆயிற்று.

கைப்பந்து 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், வில்லியம் மார்கன் என்பவரால் நடுவயது ஆண்களுக்காக உருவாக்கப்பட்டது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஆடிய முதல் குழு விளையாட்டும் இதுவே. சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி, நம் பள்ளித் திடல்களுக்கு ஆசிரியர்களைத் தந்தது. ஆயினும் வீராங்கனையின் உயரத்தையும் தாவலையும் அளந்த நாம், அவள் தரையிறங்கும் விதத்தைப் பார்க்கவில்லை.

பூப்பெய்தும் பருவத்தில் எலும்புகள் விரைந்து நீள்கின்றன. தசைவலிமை அதே வேகத்தில் கூடுவதில்லை. தாவி இறங்குகையில் முழங்கால் உட்புறம் சாய்ந்தால், ஏ.சி.எல். என்னும் மூட்டுத் தசைநார் கிழியும் அபாயம் உண்டு. 2005இல் வெளியான ஹியூவெட் குழுவினரின் ஆய்வு, கைப்பந்து உள்ளிட்ட விளையாட்டுகளின் 205 இளம் வீராங்கனைகளைப் பின்தொடர்ந்தது. பின்னர் இக்காயமுற்ற 9 பேரிடம் அந்தச் சாய்வு சராசரியாக மிகுந்திருந்ததைக் கண்டது.

இயக்கத்தின் தரத்தை மதிப்பிட கிரே குக், லீ பர்ட்டன் இருவரும் ஏழு அசைவுகள் கொண்ட சோதனையை வகுத்தனர். ஒவ்வொன்றுக்கும் 3 வரை மதிப்பெண், வலித்தால் 0, மொத்தம் 21. 14ஐத் தாண்டாதவர்க்குக் காய அபாயம் மிகுதி என்று 2007இல் ஓர் ஆய்வு கூறியது. ஆய்வுக்குள்ளானவர்களோ அமெரிக்கக் கால்பந்தாடும் தொழில்முறை ஆண்கள்! அந்த எல்லைக்கோட்டைக் கொண்டு பதினான்கு வயதுச் சிறுமியின் முழங்காலை எடைபோடுவது தகுமா? கூட்டுமதிப்பெண் மட்டுமே காயத்தை முன்னறிவிக்காது என்று பிந்தைய ஆய்வுகளும் காட்டின.

எனவே எண்ணைக் காட்டிலும் பார்வையே முதன்மை என்று கருதுகிறோம். சிறுமி தாவி இறங்குகையில் ஆசிரியர் எதிரே நின்று முழங்காலை நோக்கினால், பிழையைக் கண்டு பயிற்சியால் திருத்த இயலும். அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. அடுத்தமுறை அண்ணாமலை செல்லும் நண்பர்கள், கோபுர வாயிலில் சற்று நின்று அந்த முழங்கால்களைப் பார்த்துவர வேண்டுகிறோம்.