எடை குறைக்க ஒரு ஆபரேஷன்: எழுபது வருஷக் கதை

போன மாசம் அக்கா போன் பண்ணினாள். "டாக்டர் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொல்றார்டா. பி.எம்.ஐ. 36, சுகரும் இருக்கு. நீதான் பழைய கதையெல்லாம் தோண்டுவியே, இதையும் கொஞ்சம் தோண்டிச் சொல்லேன்." நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒரு சிகிச்சை எங்கெல்லாம் தடுக்கி விழுந்து இன்றைக்கு இங்கே வந்து நிற்கிறது என்று தெரிந்தால் டாக்டரிடம் கேட்க நல்ல கேள்விகள் கிடைக்கும். அப்படித் தேடியதுதான் இது.

எடை குறைப்பதற்கென்றே ஆபரேஷன் செய்யும் யோசனை 1950களில் அமெரிக்காவில் தொடங்குகிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கிரெமன், லின்னர், நெல்சன் என்ற மூவர் 1954-ல் எழுதிய கட்டுரைதான் பொதுவாக முதல் சுவடாகக் காட்டப்படுகிறது. கணக்கு ரொம்ப எளிது: சாப்பாடு சிறுகுடலில்தான் உடம்பில் சேர்கிறது, குடலின் பெரும்பகுதிக்குள் சாப்பாடே போகாமல் குறுக்கு வழி வைத்துவிட்டால் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டாது.

லாஸ் ஏஞ்சல்ஸில் பெய்ன், டிவிண்ட் என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சிறுகுடலின் மேல்பகுதியை நேராகப் பெருங்குடலில் இணைத்தார்கள். எடை இறங்கியதும் பழையபடி மாற்றித் தைத்துவிடலாம் என்பது திட்டம். எடை இறங்கத்தான் செய்தது. கூடவே நிற்காத வயிற்றுப்போக்கு, உடம்பில் உப்புச்சத்துக் குறைவு. மாற்றித் தைத்தவுடன் எடை திரும்பி வந்துவிட்டது! பிறகு மேல்குடலில் 14 இன்ச், கடைசிக் குடலில் 4 இன்ச் மட்டும் பாதையில் விட்டு மிச்சத்தை ஒதுக்கி வைத்தார்கள். இருபது அடி நீளக் குடலில் ஒன்றரை அடிதான் வேலை செய்தது. இது அமெரிக்கா முழுக்கப் பரவியது. சில வருஷம் கழித்துத்தான் சிறுநீரகக் கல், மூட்டுவலி, கல்லீரல் செயலிழப்பு எல்லாம் வரிசையாக வந்தன. 1980 வாக்கில் இந்த ஆபரேஷனையே கைவிட்டார்கள். போட்ட இணைப்பைப் பிரிக்க மறுபடி மேஜையில் படுத்தவர்கள் பலர்.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். முதல் வருஷம் பார்த்தால் அது வெற்றி. ஏழாவது வருஷம் பார்த்தால் வேறு கதை.

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் வேறு பக்கமிருந்து வந்தார். அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு எடை ஏறுவதே இல்லை என்பதைக் கவனித்தவர் அவர். குடலை விட்டுவிட்டு இரைப்பையைச் சின்னதாக்கி 1966-ல் முதல் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தார். அதோடு நிற்கவில்லை. சத்துக் குறைபாடு வருமே என்ற கவலையில் 1980-ல் குடலைத் தொடாமல் இரைப்பையை மட்டும் தையலும் பட்டையும் போட்டுக் குறுக்கும் முறைக்கு மாறினார். அதுவும் காலத்தில் நிற்கவில்லை. கெட்டியான சாப்பாடு இறங்காது, வாந்தி வரும். ஐஸ்க்ரீமும் இனிப்பும் சுலபமாக இறங்கிவிடும். எடை பழையபடி ஏறும். அவர் செய்த வேலைகளில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, ஆபரேஷன் ஆனவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர 1986-ல் ஒரு பதிவேடு தொடங்கியதுதான்.

யாருக்குச் செய்யலாம் என்ற எல்லைக்கோடு 1991-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டத்தில் வந்தது: பி.எம்.ஐ. 40, அல்லது வேறு நோயும் சேர்ந்திருந்தால் 35. முப்பது வருஷம் அதுதான் சட்டம் மாதிரி இருந்தது. 2022-ல் சர்வதேச சங்கங்கள் அதைத் தளர்த்தின. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்கிறார்கள், ஏனென்றால் நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது.

சர்க்கரை என்றதும் வட கரோலினாவின் வால்டர் போரிஸைச் சொல்லியாக வேண்டும். பைபாஸ் செய்த 608 பேரைப் பற்றி 1995-ல் எழுதினார். சர்க்கரை நோய் இருந்த 146 பேரில் 121 பேருக்கு அளவு சரியாகிவிட்டது. பலருக்கு எடை இறங்குவதற்கு முன்னாலேயே, சில நாட்களிலேயே. ஆரம்பத்தில் யாரும் எதிர்பார்க்காத விஷயம்.

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வுதான் நீண்ட கணக்கு. ஆபரேஷன் ஆனவர்கள் 2,010 பேர், ஆகாதவர்கள் 2,037 பேர். சராசரியாகப் பதினோரு வருஷத்தில் முதல் குழுவில் 101 பேரும் இரண்டாவதில் 129 பேரும் இறந்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழுக்கள் இல்லை என்பதை மறக்கக்கூடாது. ஆபரேஷனை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் இரண்டு வருஷத்துக்குள் 32 சதவீதம் எடை குறைந்தது, பத்தாவது வருஷத்தில் அது 25 சதவீதமாக நின்றது. ஏழு சதவீதம் திரும்பி வந்திருக்கிறது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். எத்தனை கிலோ குறையும் என்று கேட்காதே, பத்து வருஷம் கழித்து என் ரத்தத்தை யார் பார்ப்பார்கள், பி12-ம் இரும்பும் கால்சியமும் ஆயுசுக்கும் எழுதித் தருவது யார், இதே ஆபரேஷனை இங்கே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேள் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அதெல்லாம் சரிடா. கல்யாண வீட்டுப் பந்தியில நாலு வாயோட எழுந்துட்டா எல்லாரும் என்ன ஏதுன்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன சொல்றது?"

நான் படித்த எந்தக் கட்டுரையிலும் அதற்குப் பதில் இல்லை. வியாழக்கிழமை டயட்டீஷியனைப் பார்க்கப் போகிறாள். நானும் கூடப் போகிறேன்.